ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஸ்போர்ட்ஸ் பைக் டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்15, என்எஸ்200, ஆர்சி 390, அப்பாச்சி ஆர்ஆர் 310 மாதிரி 17 அங்குலச் சக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி, வருடத்தில் ஓரிரு நாள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கிலோ கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓட்டுபவர்கள். இதில் பாதிக் கேள்விகள் ட்ராக் டே (நம் வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் நாள்) அன்று பிட்டில் (ட்ராக் ஓரம் வண்டிகளை நிறுத்தும் இடம்) தம்பிகள் என்னிடம் கேட்டவை.

ஒரே டயரில் ரோட்டிலும் ட்ராக்கிலும் ஓட்ட முடியுமா?

தாராளமாக. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள். இருங்காட்டுக்கோட்டை ட்ராக் ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. ஒரு நாளில் ஐந்து செஷன், செஷனுக்கு எட்டு லேப் என்று வைத்தாலும் 150 கி.மீ.தான். இரண்டு நாள் போனால் 300. மீதி 7,700 கி.மீ. வண்டி ஓடுவது பூந்தமல்லி நெரிசலிலும், ஈ.சி.ஆர். மணலிலும், ஐப்பசி மழையிலும். டயரை அந்த 7,700 கிலோமீட்டருக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த 300 கிலோமீட்டரிலும் நல்ல ஸ்போர்ட்ஸ் ரோடு டயர் உங்களைக் கைவிடாது. முதல் ஐந்தாறு ட்ராக் டே வரைக்கும் டயரின் எல்லையை நாம் தொடவே மாட்டோம். பிரேக்கை எங்கே விடுவது, வளைவில் கண் எங்கே போவது, ஹேண்டிலை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதெல்லாம் சரியாகிற வரை வேகத்தைத் தடுப்பது நாம்தான், ரப்பர் இல்லை.

ட்ராக் டயரையே ரோட்டில் மாட்டினால் கிரிப் இன்னும் கூடத்தானே செய்யும்?

கூடாது, குறையும். பலர் இந்த இடத்தில்தான் காசையும் கொட்டி, கீழேயும் விழுகிறார்கள்.

ரப்பர் கிரிப் கொடுப்பது சூட்டில். ஒவ்வொரு டயருக்கும் அது வேலை செய்கிற சூடு என்று ஒரு எல்லை உண்டு. ரோடு டயருக்கு அந்த எல்லை அகலமானது. காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்து, முதல் சிக்னலில் சடாரென பிரேக் போட்டாலும் பிடிக்கும். ரேஸுக்கென்று செய்த, பள்ளக் கோடே இல்லாத ஸ்லிக் டயருக்கு அந்த எல்லை குறுகலானது, உயரமானது. அதனால்தான் ரேஸ் டீம்கள் டயருக்கு மின்கம்பளி போர்த்தி 80 டிகிரிக்கு மேல் சூடேற்றி வைத்திருந்து, கடைசி நிமிடத்தில் கழற்றி ட்ராக்குக்கு அனுப்புகிறார்கள்.

டயர் சூடாவது ரோடு சுடுவதால் மட்டும் இல்லை. முழு பிரேக், முழு சாய்வு, முழு ஆக்ஸிலரேட்டர் என்று மாறி மாறி அழுத்தும்போது டயரின் உடம்பு நசுங்கி விரிகிறது. அந்த அசைவில் உள்ளிருந்து சூடு கிளம்புகிறது. ரோட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்த அழுத்தம் தொடர்ந்து கிடைக்காது. ரெண்டு கிலோமீட்டர் நேராகப் போனால் டயர் ஆறிவிடும், அடுத்த வளைவில் ஆறிய ரப்பரோடுதான் சாய்ப்பீர்கள். சென்னை மே மாத வெயிலை நம்பி ஸ்லிக்குக்கு நெருக்கமான டயரை மாட்டியவர், நவம்பர் காலையில் ஈர மேம்பாலத்தில் அதே டயரோடு நிற்பார்.

எத்தனை வகை இருக்கிறது? எனக்கு எது?

கடையில் ஆயிரம் பெயர் சொன்னாலும் ரோட்டிலிருந்து ட்ராக் வரை நாலு படிதான். முதல் படி ஸ்போர்ட்-டூரிங்: மிஷலின் ரோட் 5 மாதிரி. நீண்ட நாள் உழைக்கும், மழையில் பிரமாதமாக நிற்கும். அடுத்தது ரோட்டுக்கான ஸ்போர்ட்ஸ் டயர்: பைரெல்லி டையாப்லோ ரோஸ்ஸோ வரிசை, மெட்ஸலர் ஸ்போர்டெக் வரிசை, நம்ம ஊர் டிவிஎஸ் யூரோகிரிப்பின் ப்ரோடார்க் எக்ஸ்ட்ரீம் எல்லாம் இங்கே வரும். மூன்றாவது, ரோட்டில் ஓட்ட அனுமதி உண்டு, ஆனால் மனசு ட்ராக்கில் இருக்கிற வகை: டையாப்லோ சூப்பர்கோர்ஸா, மிஷலின் பவர் கப் மாதிரி. நாலாவது ஸ்லிக், ட்ராக்குக்கு மட்டும்.

வருடத்துக்கு நாலு ட்ராக் டே வரைக்கும் இரண்டாவது படியைத் தாண்ட வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. லடாக், கன்னியாகுமரி என்று நீண்ட பயணம்தான் முக்கியம் என்றால் முதல் படியே போதும். அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 2020-இல் டிவிஎஸ் கம்பெனியே ரோட் 5 டயர் கொடுத்தது. அந்த வண்டிகள் அதே டயரில் ட்ராக்கிலும் நன்றாகத்தான் சுற்றின. மூன்றாவது படி, மாதம் ஒருமுறை ட்ராக்குக்குப் போய், ரோட்டில் வண்டியைக் குறைவாக எடுப்பவருக்கு. அவருக்குக்கூட இன்னொரு ஜோடி ரிம் வாங்கி அதில் ட்ராக் டயரைப் போட்டு வைப்பது இன்னும் நல்லது.

ரேஸ் வண்டி டயர் மொட்டையாக இருக்கிறதே. பட்டன் (டயர் மேற்பரப்பின் மேடு பள்ளம்) தேய்ந்தால் கிரிப் கூடும் என்கிறார்களே?

காய்ந்த ட்ராக்கில் பட்டன் இல்லாத டயரில் தரையைத் தொடும் ரப்பர் அதிகம். அதோடு ரப்பர் துண்டு துண்டாக நெளியாது. அதற்காகத்தான் ஸ்லிக். ஆனால் அது மொட்டையாகவே பிறந்த டயர், அதன் ரப்பரும் புதியது. நம் வண்டியில் தேய்ந்து மொட்டையான டயரில் மிஞ்சியிருப்பது பலமுறை சூடேறி ஆறி இறுகிப்போன அடி ரப்பர். பட்டன் இருப்பதே தண்ணீரை வெளியே தள்ளத்தான். பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று தெரியும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. மழைக்காலம் வருகிறதென்றால் அதற்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

150/60 ஆர்17 66எச் என்றால் என்ன?

150 என்பது அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் 60 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 90 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், டயரின் உள் இழைகள் ஓடும் விதம் (கீழே சொல்கிறேன்). 17 என்பது ரிம் அங்குலம். 66 என்பது எடைக் குறி, ஒரு டயர் 300 கிலோ தாங்கும். முன் டயரில் பெரும்பாலும் 54 இருக்கும், அது 212 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. அதே வரிசையில் பி 150, எஸ் 180, வி 240, டபிள்யூ 270. கம்பெனி கொடுத்த குறிக்குக் கீழே போகாதீர்கள். மேலே போவதில் தவறில்லை.

பின்னால் ஒரு சைஸ் அகலமாகப் போடலாமா? பார்க்க கெத்தாக இருக்குமே?

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வண்டியின் குணம் மாறிவிடும்.

என்எஸ்200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டயர் 130/70-17, மொத்த விட்டம் சுமார் 614 மி.மீ. பலர் மாட்டும் 140/70-17-இன் விட்டம் சுமார் 628. வண்டியின் பின்பக்கம் 7 மி.மீ. தூக்கிக்கொள்ளும். கியர் விகிதம் இரண்டு சதவீதத்துக்கு மேல் நீண்டுவிடும், பிக்கப் மந்தமாகும். அதைவிடப் பெரிய விஷயம் ரிம். ரிம் அகலம் அதேதான், டயர் மட்டும் அகலம். ரிம்மின் இரண்டு உதடும் டயரை உள்ளே இழுத்துப் பிடிக்கும், டயரின் முதுகு கூம்பிவிடும். நேராகப் போகும்போது தரையைத் தொடும் பரப்பு குறையும், சாய்க்கும்போது ஓரம் தரைக்கு வந்து சேரவே சேராது. கூடுதல் அகலத்துக்குக் காசு கொடுத்தாயிற்று, அந்த அகலம் ரோட்டைப் பார்க்காமலேயே தேதி முடிந்து போகும்.

ட்ராக்குக்கு என்று வண்டியைத் தயார் செய்பவர்கள் சைஸை மாற்றும்போது ரிம் அகலம், சஸ்பென்ஷன் உயரம், ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மாற்றுவார்கள். டயரை மட்டும் மாற்றுவதென்றால் கம்பெனி சைஸே சிறந்தது.

ரேடியலா, பயஸா?

ரேடியலில் உள் இழைகள் குறுக்கே நேராக ஓடும், மேலே ஒரு பெல்ட் சுற்றியிருக்கும். பயஸில் இழைகள் சாய்வாக ஒன்றன் மேல் ஒன்று கிடக்கும். ரேடியல் லேசாக வளைந்துகொடுக்கும், சூட்டைச் சீராகப் பரப்பும், வேகத்தில் உருவம் மாறாது. ட்ராக்குக்கு ரேடியல்தான். குண்டும் குழியுமான ரோட்டில் பயஸ் பக்கச்சுவர் முரட்டுத்தனமாகத் தாங்கும்.

கம்பெனியே முன்னால் பயஸ், பின்னால் ரேடியல் என்று கொடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆர்15-இன் மூன்றாம் பதிப்பே முன்னால் 100/80-17, பின்னால் 140/70 ஆர்17 என்றுதான் வந்தது. நாமாக முன்னால் ரேடியலும் பின்னால் பயஸும் மாட்டுவதுதான் கூடாது.

டூயல் காம்பவுண்ட் டயர் தேவையா?

நடுவில் கெட்டி ரப்பர், ஓரத்தில் மென்மையான ரப்பர். ஜி.எஸ்.டி. சாலையில் நேராகப் போயே நடு முதுகு தட்டையாகிவிடுகிற நம் ஓட்டத்துக்கு ரொம்பப் பொருத்தம். கையில் காசு இருந்தால் வாங்குங்கள்.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லியிருப்பேன். விலை உயர்ந்த டயரில் தப்பான காற்றைவிட, சாதா டயரில் சரியான காற்று மேல்.

ரோட்டுக்கு: வண்டியின் கையேட்டிலோ செயின் கவர், ஸ்விங்ஆர்ம் பக்கம் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ உள்ள அளவு. வேறு யார் சொல்வதும் வேண்டாம். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். பெட்ரோல் பங்க் வரை எட்டு கிலோமீட்டர் ஓட்டிப் போய்ப் பார்த்தால் அது சூட்டு அளவு, தப்பாகக் காட்டும். சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்க் கேஜ் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும்.

ட்ராக்குக்கு: டயர் சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும். 30 டிகிரியில் 29 பி.எஸ்.ஐ. வைத்த டயர் 70 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 35 காட்டும். 35-இல் டயர் பந்து மாதிரி விறைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். அதனால்தான் ட்ராக்கில் காற்றைக் குறைத்துத் தொடங்குகிறோம். 25-இல் தொடங்கினால் அதே சூட்டில் 30-க்கு வந்து நிற்கும். நம் 200 முதல் 400 சிசி வண்டிகளில் ரோடு டயரோடு போகும்போது, கையேட்டு அளவிலிருந்து மூன்று நாலு பி.எஸ்.ஐ. குறைத்துத் தொடங்குவது என் வழக்கம். செஷன் முடிந்து பிட்டுக்குள் நுழைந்த உடனே, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, அளந்து எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. டயர் கம்பெனி ட்ராக்குக்கு என்று தனி அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ரொம்பவும் குறைத்துவிடாதீர்கள். காற்று இல்லாத டயர் வளைவில் நெளியும், பக்கச்சுவர் மடிந்து மடிந்து அளவுக்கு மீறிச் சூடேறும், பிரேக் போட்டால் முன்பக்கம் கொழகொழவென்று இருக்கும்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து மறக்காதீர்கள்: வீட்டுக்குக் கிளம்பும் முன் காற்றை மறுபடி ஏற்றுங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் 25 பி.எஸ்.ஐ.யோடு ஒரு குழியில் இறங்கினால் ரிம் மடங்கிவிடும். கையடக்க பம்ப் ஒன்று பையில் இருக்கட்டும்.

நைட்ரஜன்?

அதில் ஈரப்பதம் இல்லாததால் சூட்டில் அழுத்தம் கொஞ்சம் சீராக ஏறும், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை சாதாக் காற்றைச் சரிபார்ப்பவர் எதையும் இழக்கவில்லை.

செஷன் முடிந்ததும் டயரைக் குனிந்து பார்க்கிறார்களே, என்ன பார்க்கிறார்கள்?

வாருங்கள், நாமும் குனிந்து பார்ப்போம். பின் டயரின் வலது ஓரம். இருங்காட்டுக்கோட்டையில் கடிகாரம் சுற்றுகிற திசையில்தான் ஓட்டுகிறோம், அதனால் டயரின் வலது தோளுக்குத்தான் (ஓரப் பகுதி) அதிக வேலை. நல்ல நிலையில் உள்ள டயரின் தோள், மெல்லிய உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஒரே சீரான சொரசொரப்போடு, பளபளப்பில்லாமல் கறுப்பாக இருக்கும். ஓரத்தில் பென்சில் அழிப்பான் தூள் மாதிரிக் குட்டி உருண்டைகள் ஒட்டியிருக்கும். உள்ளங்கையை வைத்தால் சுடும், ஆனால் எடுக்கத் தோன்றாது. இது நல்ல டயர்.

ரப்பர் நகத்தால் பிய்த்தெடுத்தது போலத் துண்டு துண்டாக எழும்பி, கீழே பள்ளம் விழுந்திருந்தால், பெரும்பாலும் டயர் உள்ளே சூடாகாமலேயே மேலே மட்டும் இழுபட்டிருக்கிறது. முதல் லேப்பிலேயே முறுக்கியிருப்பீர்கள், அல்லது காற்று அதிகம். ஓரம் எண்ணெய் தடவினாற்போல நீலம் பாய்ந்து பளபளத்தால் அளவுக்கு மீறிய சூடு. ஒரே பக்கம், ஒவ்வொரு பட்டனின் பின் விளிம்பும் படிக்கட்டு மாதிரி உயர்ந்திருந்தால் சஸ்பென்ஷனையும் பாருங்கள். எல்லாப் பழியையும் டயர் மேல் போடக் கூடாது.

ஓரத்தில் தேயாத கோடு மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்தக் கோட்டை அழிக்க வேண்டும் என்பதற்காகவே சாய்த்து விழுந்த பையனை நான் தூக்கியிருக்கிறேன். பதினெட்டு வயது. காலர் எலும்பு உடைந்தது. அந்தக் கோடு யாருக்கும் எதையும் நிரூபிப்பதில்லை.

எத்தனை லேப் கழித்து வேகமாகப் போகலாம்?

ரோடு டயர் என்றால் இரண்டு லேப் படிப்படியாக வேகம் கூட்டுங்கள். வெறுமனே வண்டியை இடதும் வலதும் ஆட்டுவதால் சூடேறாது. நேர்ப்பாதையில் உறுதியாக பிரேக் போடுவதும், நிமிர்ந்தபின் முறுக்குவதும்தான் சூடேற்றும். மதிய உணவுக்குப் பிந்தைய முதல் செஷனில் கவனம் தேவை: உடம்பு சூடாக இருக்கும், டயர் ஆறியிருக்கும்.

டயர் எப்போது செய்தது என்று எப்படித் தெரியும்?

பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2523 என்றால் 2023-ஆம் வருடம் 25-ஆவது வாரம். பணம் கொடுப்பதற்கு முன், டயரை மாட்டுவதற்கு முன், நீங்களே குனிந்து படியுங்கள்.

நான் படிக்காமல் ஏமாந்திருக்கிறேன். 2021 டிசம்பரில் ஒரு கடையில் நல்ல தள்ளுபடி என்று பின் டயர் வாங்கினேன். பட்டன் புத்தம் புதுசு, முடி மாதிரி ரப்பர் நூல்கூட அப்படியே இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு தூறலில், சிக்னல் வெள்ளைக் கோட்டின் மேல் லேசாக பிரேக் தொட்டதற்கே பின்பக்கம் நழுவியது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் 1117. நாலரை வருடத்துக்கு மேல் எங்கோ குடோனில் கிடந்த டயர். நகத்தை அழுத்தினால் பதியவே இல்லை. ஒரு வருடத்துக்குள் செய்த டயரையே கேட்டு வாங்குங்கள். ஓட்டாமல் வைத்திருந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல் போன டயரோடு ட்ராக்குக்கு வராதீர்கள்.

நம் ஊர் டயர் போதுமா, வெளிநாட்டு டயர்தான் வேண்டுமா?

எம்ஆர்எஃப் திருவொற்றியூரில் தொடங்கிய கம்பெனி. யூரோகிரிப் டயர் செய்யும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா மதுரை கம்பெனி. எம்ஆர்எஃப் ரெவ்ஸ், ப்ரோடார்க் எக்ஸ்ட்ரீம், அப்பல்லோ ஆல்ஃபா எச்1 மூன்றும் நம் வண்டி சைஸ்களில் நம்பி வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் ரேடியல்கள். ட்ராக் கற்றுக்கொள்கிற முதல் இரண்டு வருடத்துக்கு இவை தாராளம். மிச்சமாகும் காசில் ஒரு நல்ல ரைடிங் ஸ்கூல் போங்கள், அல்லது தோல் சூட் வாங்குங்கள்.

பைரெல்லி, மெட்ஸலர், மிஷலின் டயர்களின் வித்தியாசம் ஈரத்திலும், எல்லைக்குப் பக்கத்தில் போகும்போது டயர் கொடுக்கும் எச்சரிக்கையிலும் தெரியும். நல்ல டயர் திடீரென்று விடாது. முதலில் லேசாக நழுவி, உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் விடும். அந்தச் சொல் காதில் விழுகிற அளவுக்கு ஓட்டப் பழகிய பிறகு அதற்குக் காசு கொடுப்பது நியாயம்.

பஞ்சர் போட்ட டயரில் ட்ராக்குக்கு வரலாமா?

வேண்டாம். வெளியிலிருந்து குத்திச் செருகும் பிசின் திரி, வீடு வந்து சேர்வதற்கு. டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டு போட்டிருந்தால் ரோட்டில் நிதானமாக ஓட்டலாம். தோள் பகுதியில் ஆணி ஏறியிருந்தால் ரோட்டிலும் வேண்டாம்.

புது டயர் மாட்டும்போது கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

பக்கத்திலேயே நில்லுங்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கிறதா பாருங்கள். ரப்பர் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி, காற்றேற்றும்போது இரண்டு பக்கமும் 'டப்', 'டப்' என்று சத்தம் கேட்க வேண்டும். டயரின் உதடு ரிம்மில் உட்கார்ந்த சத்தம் அது. பிறகு ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே அமுங்கியிருந்தால் காற்றை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். பேலன்சிங் கட்டாயம்.

கடையை விட்டுக் கிளம்பும்போது டயர் சோப்புக் கட்டி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். உப்புத்தாள், பெட்ரோல் என்று எதையும் வைத்துத் தேய்க்க வேண்டாம். முதல் 100, 150 கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டினாலே அந்த வழுவழுப்பு போய்விடும். ட்ராக் டே ஞாயிற்றுக்கிழமை என்றால் சனிக்கிழமை சாயங்காலம் டயர் மாற்றாதீர்கள். அதற்கு முந்தின வாரமே மாற்றிவிடுங்கள்.